இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

அனுப்புநர்:
கால்நடை மருத்துவரின் மனைவி,
மனு எழுதுபவர் (தங்கள் அலுவலகப் படிக்கட்டின் கீழே, இரண்டாவது மேசை),
மேட்டுத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
முதல் மாடி.

பொருள்: பழைய வண்டி விற்பனை நிலையத்தில் வாங்கிய ஆட்டோமேட்டிக் எஸ்யூவி மேட்டில் பின்னோக்கி நழுவுவது; அதற்கு என் கணவரின் காலைக் காரணம் காட்டி எழுதப்பட்ட அறிக்கையை நீக்கக் கோருவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பாதி நான் எழுதியவை. "ஒரு பக்கத்துக்கு மேல போகாதீங்க, கோபத்தை வீட்டுல வெச்சிட்டு வாங்க" என்று வருகிறவர்களுக்கெல்லாம் நானே புத்தி சொல்வேன். ஊருக்குத்தான் உபதேசம் என்றாகிவிட்டது. இந்த மனு ஒரு பக்கத்தில் அடங்காது. கோபத்தை வீட்டில் வைக்கவும் இடமில்லை, அங்கே ஏற்கெனவே நிரம்பி இருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் அரசு கால்நடை மருத்துவர். மலைமேல் உள்ள பண்ணைகளுக்குப் போய் மாடு பார்ப்பது அவர் பணி. சென்ற ஆண்டு சினை பார்க்கும்போது ஒரு மாடு உதைத்ததில் அவருடைய இடது முழங்கால் நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது, கால் மட்டும் மடங்குவதில்லை. கிளட்ச் மிதிக்க வழியில்லை. அந்த மாட்டின்மேல் அவருக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. "பாவம், அது பயந்துடுச்சு" என்பார். எனக்கு வருத்தம் உண்டு. அதை வேறொரு மனுவில் எழுதிக்கொள்கிறேன்.

2. கால் நீட்டியபடி வீட்டில் இருந்த மாதங்களில் அவர் என் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் மருந்துப் புட்டிபோலப் பெயர்ச்சீட்டு ஒட்டினார். இனியும் இருந்தால் எனக்கும் ஒட்டிவிடுவார் என்று பயந்துதான் கிளட்ச் இல்லாத, கரடுமுரடான பாதையில் ஏறக்கூடிய வண்டியைத் தேடினோம். புதிது வாங்க வசதியில்லை. மேற்படி நிலையத்தின் விற்பனையாளர் கதவைத் திறந்து பிடித்தபடி, "இடது காலுக்கு இதுல வேலையே இல்ல சார். உட்காந்தா போதும், அது பாட்டுக்குப் போகும்" என்றார். அது பாட்டுக்குப் பின்னாலும் போகும் என்பதை அவர் சொல்லவில்லை.

3. பழுது வருமாறு. காலையில் வண்டி பசுபோல இருக்கும். சமதரையில் எத்தனை தூரம் போனாலும் குறையில்லை. இன்ஜின் நன்றாகச் சூடேறி, மலைப்பாதையில் மேடு ஏறத் தொடங்கியதும், இன்ஜின் மட்டும் உறுமும். சக்கரத்துக்கு இழுவை போகாது. கியர் விழுந்ததா இல்லையா என்று நாம் யோசிப்பதற்குள் வண்டி பின்னால் நழுவும். கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டால் ஒன்றும் தெரியாததுபோல மறுபடி ஏறும். முதல்முறை இப்படி நழுவியது, ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று அழைப்பு வந்து அவர் போய்க்கொண்டிருந்தபோது. வண்டி ஒரு வேலியில் சாய்ந்து நின்றது. மீதித் தூரத்தை அவர் ஊன்றுகோலுடன் நடந்து போய்ச் சேர்ந்தார். பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

4. வண்டியை விற்றவர்களின் பணிமனைக்கே கொண்டுபோனோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாக மேலும் கீழும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவார்கள். பிறகு மறுநாள் காலை, ஆறிக் கிடக்கும் வண்டியில் ஒரே ஒருவர் ஏறி, மைதானம்போன்ற அந்தச் சமதரை வளாகத்தைச் சுற்றி வருவார். பிறகு கம்ப்யூட்டரைச் செருகிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் குறை ஒன்றும் காட்டாது. "எங்ககிட்ட நல்லாத்தானே மேடம் ஓடுது?" என்று தலைமை மெக்கானிக் சாவியைக் கொடுப்பார். "மேட்டுலதாங்க நழுவுது" என்றேன். "இங்க மேடு இல்லையே மேடம்" என்றார். பல்வலி என்று போனவரிடம் வாயைத் திறக்கச் சொல்லாமலே பல் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினால் எப்படி இருக்கும்? ஒருமுறை ஏதோ சென்சார் மாற்றினார்கள். இன்னொருமுறை எதையோ அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். கழுவுவதில் மட்டும் ஒருமுறையும் குறை வைக்கவில்லை. அதற்கு நன்றி.

5. மூன்றாம் முறை நான் கொஞ்சம் சத்தம்போட்டுப் பேசினேன். அதற்குப் பதிலாக ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அது இவ்வாறு முடிகிறது: "வண்டியில் பழுது இல்லை. ஓட்டுநரின் இடது கால் குறைபாட்டால் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒருசேர மிதிபட்டிருக்கலாம். ஓட்டுநர் பிழை."

ஐயா, இடது காலுக்கு வேலையே இல்லை என்று சொல்லி விற்றவர்கள்தான் இடது கால் வேலையைக் கெடுத்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

6. என் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறைத்தால் நாளை அவர்களே சொல்வார்கள். அவன் மரக்கடை வைத்திருக்கிறான். வீடியோ பார்த்து வண்டி வைத்தியம் கற்றவன். கியர்பெட்டிக்குள் தனி எண்ணெய் உண்டு, அது குறைந்தால் இழுவை போய்விடும் என்று சொல்லி, வாரந்தோறும் எங்கள் வாசலில் அளவுகம்பியை உருவிப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் நிரம்பியிருந்தது. எனவே எண்ணெயை நாங்கள் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. அழைப்பு வந்தால் உடனே புறப்பட வேண்டும் என்று என் கணவர் எப்போதும் வண்டியின் மூக்கைப் பள்ளத்தைப் பார்த்தே நிறுத்துவார். இருக்கிற எண்ணெய் எல்லாம் முன்பக்கம், கம்பி இருக்கிற இடத்தில் வந்து தேங்கிவிடும். மேடு ஏறும்போது, சூட்டில் நீர்த்த அதே எண்ணெய் பின்னால் ஓடிவிடும், உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். இது எங்கள் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

7. உறைத்தது போன வாரம். அந்த அறிக்கைக்குப் பிறகு என் கணவர் சாவியைத் தொட மறுத்ததால் தம்பி ஓட்டினான். இரண்டு காலும் நன்றாக இருக்கிற அவனுக்கும் அதே மேட்டில் அதே மாதிரி நழுவியது. இறங்கி வந்து பெட்ரோல் பங்கில், சமதரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவினான். "அக்கா, நுனிகூட நனையல! கருகின வாசனை அடிக்குது!" என்று கத்தினான். குனிந்து பார்த்தோம். எண்ணெயைக் குளிரவைக்க முன்னால் கொண்டுபோகும் குழாயின் மூட்டில் ஈரம். பல காலமாகச் சொட்டிச் சொட்டி ஊறிய ஈரம். பணிமனைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தடயத்தைத்தான் அவர்கள் முதல் வேலையாகக் கழுவியிருக்கிறார்கள்.

8. நான்காம் முறையாகப் போய் இதைச் சொன்னேன். அளவுகம்பியை ஒருநாளாவது உருவிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "கம்பியெல்லாம் இப்ப யாரு மேடம் இழுக்கறாங்க? கம்ப்யூட்டர்லயே வந்துடும்" என்றார் தலைமை மெக்கானிக். தம்பி ஓட்டியும் நழுவியதே என்றதற்கு, "அவர் உங்க தம்பிதானே" என்றார். அறிக்கையை மாற்ற முடியாது என்று கூறி வண்டியைத் திருப்பித் தந்தார். நல்லவேளை, இம்முறை கழுவவிடாமல் நான் தண்ணீர்க் குழாயின்மேல் ஏறி நின்றுகொண்டேன்.

9. இனி உண்மையான குறைக்கு வருகிறேன். பணிக்குப் பயன்படுத்தும் வண்டியின் பழுதுச் சான்றை அவருடைய அலுவலகம் கேட்டபோது, அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரரான என் கணவர் அந்த அறிக்கையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு அவரை மலைப்பணியிலிருந்து எடுத்து மருந்துக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார். இப்போது ஊசிமருந்துக் குப்பிகளை அடுக்குகிறார். பண்ணைக்காரர்கள் தொலைபேசியில் அழைத்தால், "வேற டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அந்தக் குரலை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அதைவிட மோசம், அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். முந்தாநாள் சாப்பிடும்போது, "ஒருவேளை நான்தான் மிதிச்சிருப்பேனோ?" என்று கேட்டார். குழாய்க் கசிவைக் காட்டினேன். "அதுவும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம்" என்றார். அந்தக் கன்று தன்னால்தான் போனது என்று அவர் மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார். உதைத்த மாட்டை மன்னித்தவருக்குத் தன்னை மன்னிக்கத் தெரியவில்லை.

எனவே தாங்கள் தயவுகூர்ந்து, கசியும் குழாயை மாற்றி, கருகிய கியர்பெட்டியைப் பிரித்துச் சரிசெய்து தர மேற்படி நிலையத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றாலும் சரி, காத்திருக்கிறோம். அறிக்கையின் கடைசி இரு வரிகளை அடித்து, அதன் நகலை என் கணவரின் மேலதிகாரிக்கு அனுப்புவது மட்டும் காத்திருக்கக் கூடாது.

என் சொல்லை நம்ப வேண்டாம். நான் மனைவி, போதாக்குறைக்கு மனு எழுதிப் பிழைப்பவள். தாங்களே ஒருநாள் நேரில் வந்து வண்டியில் ஏற வேண்டுகிறேன். வண்டியைக் கழுவாமல், எண்ணெய் ஊற்றாமல் அப்படியே வைத்திருக்கிறோம். தலைமை மெக்கானிக் பின் இருக்கையில் உட்காரட்டும், அவருக்கு மேடு என்றால் என்னவென்று தெரிய வேண்டும். தம்பி சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கக் கட்டையுடன் பின்னாலேயே நடந்து வருவான், பயம் வேண்டாம். ஓட்டப்போவது என் கணவர். தாங்கள் கேட்டால்தான் அவர் மறுபடி அந்த இருக்கையில் உட்காருவார், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். வேலிக்குப் பக்கத்து மேட்டில் இன்ஜின் உறுமி வண்டி பின்னால் நழுவும்போது, தாங்கள் சாலையைப் பார்க்க வேண்டாம். குனிந்து அவருடைய இடது காலைப் பாருங்கள். அது நீட்டியபடி அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்தேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா.

இடம்: தங்கள் படிக்கட்டின் கீழே, என் மேசை
நாள்: வண்டி நான்காம் முறை திரும்பி வந்ததற்கு மறுநாள், செவ்வாய்

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் கீழேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
கால்நடை மருத்துவரின் மனைவி

இணைப்பு: பணிமனை அறிக்கையின் நகல், கசியும் குழாயின் புகைப்படம், கழுவப்படாதது.