கிழியும் என்று சொல்லி விற்ற வலை

தூத்துக்குடி
12-2-1974

அன்புள்ள செல்லக்கிளிக்கு,

நைலான் வலை விற்றுவிட்டது. ஆனால் உன் பிரசவத்துக்கு நான் கோயம்புத்தூர் வர முடியாது. உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? அத்தைக்கு என் வணக்கம் சொல்.

மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாரும் தங்கள் வலை கிழியவே கிழியாது என்றார்கள். நான் மட்டும், கடலடிப் பாறையில் உரசினால் கிழியும், பருத்தி வலைக்குப் போடுகிற முடிச்சு இதில் நழுவும், இரட்டை முடிச்சுதான் நிற்கும் என்று உள்ளதைச் சொன்னேன். படகுக்காரர் தொம்மை அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"ஏலே, கிழியும்னு சொல்லி விக்கவன இப்பத்தாம்ல பாக்கேன்! அந்த முடிச்சுப் போட ஆளு வேணும்லா? நீ இங்கனயே கெட."

"வீட்டுக்காரி மாசமா இருக்கா, அண்ணாச்சி."

"அவளுக்கு அவ அம்மை இருக்கா. என் வலைக்கு யாருல இருக்கா?"

அவர் தன் இருபது படகுக்கும் சேர்த்து வலை கேட்டதால் தலையாட்டிவிட்டேன். உடனே என் பெட்டியைத் தன் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டார். மீன்சோற்றுக்குக் குறைவில்லை, கவலைப்படாதே. படுக்க விரிப்புத்தான் இல்லை. உன் பழைய சேலை ஒன்றை அனுப்பு, புதிது வேண்டாம். பிள்ளை பிறந்ததும் தந்தி கொடு. யார் ஜாடை என்று பிறகு விவரமாக எழுது.

தபால்பெட்டி திறக்கிற நேரமாகிவிட்டது. பேசி முடித்தது இதுதான்: வலை கிலோ ஐம்பது ரூபாய், கிழிந்ததையெல்லாம் நானே முடிச்சுப் போட்டுச் சரிசெய்ய வேண்டும், ஆனி முடியும்வரை ஊருக்குப் போகக் கூடாது.

வெள்ளத்துரை