வழியை அடைத்த படகு

ஏற்காடு
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை

என் கண்ணு ரம்யாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் இந்தக் குளிரைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருத்துகிறார், நடந்ததை நடந்தபடி சொல்ல முடிவதில்லை. மஞ்சக்குட்டை ஊர்ப் பெண் ஒருத்தி உன் ஊருக்கே நர்ஸ் வேலைக்கு வருகிறாள், அவளிடம் காப்பித்தூளும் மிளகும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது, இந்த வருசம் காய் பரவாயில்லை. அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் கனம் தூக்காதே என்று சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டார், அது ஏன் என்று கீழே படித்தால் தெரியும். உன்னோடு படித்த சுதாராணிக்கு இரண்டாவதும் பையன். நீ ராத்திரி டியூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே, ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று என்னிடம் கணக்குச் சொல்லாதே.

போன மாதம் நீ என்னை ஒன்று கேட்டாய், மே மாதம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா, வந்தால் சித்தப்பா வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா, அப்படி என்றால் நான் வரவே இல்லை என்று. நான் பார்க்கலாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன், வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ செபாஸ்டினைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து உன் சித்தப்பா முனியப்பனும் சித்தி கவிதாவும் நம் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. வேற்று மதத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டு அண்ணன் தலை நிமிர்ந்து நடக்கிறானே என்று சித்தப்பா டீக்கடையில் வைத்துச் சொன்னது அப்பா காதுக்கு வந்துவிட்டது, அதிலிருந்து இவரும் தம்பி என்ற பேச்சை எடுப்பதில்லை. ரோட்டை ஒட்டி நம் வீடு, மண் சரியாமல் கட்டிய கல் கட்டுக்குக் கீழே அவர்கள் வீடு, ரோட்டுக்கு ஏற வேண்டுமானால் நம் சுவரை உரசிக்கொண்டுதான் ஏற வேண்டும், ஆனாலும் அந்த இடத்தில் வீடு ஒன்று இருப்பதே தெரியாத மாதிரி போவார்கள் வருவார்கள். இந்த நிலைமையில் பச்சைக் குழந்தையோடு உன்னை வா என்று எப்படிச் சொல்வேன், பெற்ற பெண்ணை வராதே என்றுதான் எப்படிச் சொல்வேன்.

இதற்கு நடுவில்தான் உன் அப்பா ஒரு படகைக் கொண்டுவந்து வீட்டுப் பக்கத்தில் இறக்கினார். சிரிக்காதே, நிஜப் படகு. ஜீப் ஷெட் வேலையை விட்ட பிறகு ஃபைபர் தொட்டி ஒட்டுகிற வேலை செய்கிறார் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு ஒரு ரிசார்ட்டுக்காரர் தன் குளத்தில் விடுகிற துடுப்புப் படகு அடியில் ஒழுகுகிறது, ஒட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். உள்ளே தண்ணீர் நிற்பதற்கும் உள்ளே தண்ணீர் வராமல் இருப்பதற்கும் ஒரே வேலைதான் என்று எனக்கு விளக்கம் சொல்லிவிட்டு இவரும் ஒத்துக்கொண்டார். பார்த்தால் நாலு பேர் உட்காரும் சின்னப் படகு, ஃபைபர்தானே, லேசாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். உள்ளே கட்டை கட்டையாக மரச் சட்டம் வைத்து அதன் மேல் பூசியிருக்கிறார்கள், ஒழுகி ஒழுகி அந்த மரம் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது, குட்டியானை வண்டியிலிருந்து இறக்கும்போதே வந்த ஆட்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. அடியில் வேலை செய்ய வேண்டுமானால் அதைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். நம் மலை ஆட்களின் புத்தி உனக்குத் தெரியும், கனமான சாமான் எதுவானாலும் பள்ளத்துப் பக்கம் புரட்டித்தான் பழக்கம், சில்வர் ஓக் மரமானாலும் சரி, குடை சாய்ந்த ஜீப்பானாலும் சரி, பாதி வேலையைச் சரிவே பார்த்துக்கொள்ளும். அப்பாவும் எதிர்வீட்டு ஜீப் டிரைவர் கோபியும் இன்னும் இரண்டு பேரும் பழைய டயர்களைப் பரப்பிவிட்டு மேட்டுப் பக்கத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்கள், படகு பள்ளத்தைப் பார்த்து அழகாகக் குப்புற விழுந்தது. நாலு பேரே போதும், எவன் தயவும் வேண்டியதில்லை என்று அப்பா இரண்டு தடவை சொன்னார், யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் வேலை முடிந்த பிறகு படகை மறுபடி நிமிர்த்த வேண்டுமே என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை. மேலே தார்ப்பாய் கட்டி, பனியில் ஒட்டு காயவில்லை என்று குண்டு பல்பு எல்லாம் எரியவிட்டு, ஒரு வழியாக வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு நின்றவர், படகைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், உள்ளே வந்து காப்பி கேட்டார். கேட்ட விதத்திலேயே ஏதோ கோளாறு என்று புரிந்துவிட்டது. போய்ப் பார்த்தால் படகுக்கும் கல் கட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்தப் பக்கம் இன்னொரு புரட்டு புரட்டினால் படகு முனியப்பன் வீட்டுச் சிமெண்ட் ஷீட் மேல் போய் உட்காரும். மேட்டைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும், அதற்கு நாலு பேர் போதாது, லைன் வீடுகள் முழுக்க ஆள் கூப்பிட வேண்டும்.

இங்கே தோள் கேட்கிற வழக்கம் உனக்கு மறந்திருக்காது. கனம் தூக்க ஆள் வேண்டும் என்று வாசலில் வந்து சொல்லிவிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் போயே ஆக வேண்டும், சண்டைக்காரன் வீடானாலும் சரி. ஆனால் வந்தவன் தூக்கி முடித்து ஒரு வாய் காப்பி குடிக்காமல் போனால் சண்டை அப்படியேதான் இருக்கிறது என்று அர்த்தம். கீழ் வீட்டை விட்டுவிட்டு மற்ற வீட்டில் எல்லாம் சொல் என்றார் அப்பா. ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் கூடப் பிறந்தவனைக் கூப்பிடாமல் விட்டால் நாமே தமுக்கு அடித்துச் சொன்ன மாதிரி ஆகும் என்று நான் சொன்னேன், அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இறங்கிப் போனேன். கவிதா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். நான் கோழியைப் பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு திருப்புகிறோம், ஆள் வேண்டும் என்று சொன்னேன், அவளும் கோழியைப் பார்த்துக்கொண்டே சரி என்றாள். விஷயம் கோழிகளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தூறலோடு எல்லோரும் வந்துவிட்டார்கள், உன் சித்தப்பா கடைசியில் வந்தார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பள்ளத்துப் பக்கம் போய் நின்று தோளைக் கொடுத்தார். அதுதான் கஷ்டமான இடம். அப்பாவை நான் தூக்க விடவில்லை, மேட்டில் கயிறு பிடித்து இழுக்கிறேன் என்று நின்றார், அதுவும் தூக்குகிற மாதிரிதான். படகு பாதி எழும்பி ஒருக்களித்து நின்றது, அதற்கு மேல் வரவில்லை. கோபி ஒன்று சொல்கிறான், பக்கத்து வீட்டுத் தங்கராஜ் ஒன்று சொல்கிறான், ஆளுக்கு ஒரு நேரத்தில் தம் பிடிக்கிறார்கள், ஈர மண்ணில் கால் வழுக்குகிறது, படகு மெல்லப் பள்ளத்துப் பக்கமே சாய ஆரம்பித்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் கல் கட்டு, முன்னால் படகு, நடுவில் உன் சித்தப்பா. கண்ணு, அந்த நேரம் அந்த மனுசன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மேட்டிலிருந்த அப்பாவுக்குத் தம்பி கண்ணுக்கே தெரியவில்லை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "முனியா, நீ சொல்லுடா. நீ சொன்னாத்தான் தூக்குவோம்" என்றார். அந்தப் பேரை அந்த வாயில் நான் கேட்டு எத்தனை நாளாயிற்று. எஸ்டேட்டில் இரண்டு பேரும் மரம் இழுத்த காலத்தில் சித்தப்பாதான் குரல் கொடுப்பார், அவர் குரலுக்குத்தான் எல்லோர் கையும் ஒன்றாக எழும்பும். படகுக்குப் பின்னாலிருந்து நிதானமாக, "எல்லாரும் இருங்க. மூச்சு வாங்கிக்கிங்க. இப்ப" என்று குரல் வந்தது, அந்த 'இப்ப'வில் படகு மேட்டைப் பார்த்துத் திரும்பி டயர் மேல் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. வண்டி மத்தியானமே வருகிறது என்று அதே சூட்டில் எல்லோரும் சேர்ந்து ரோட்டோரம் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய், நம் சுவருக்கும் அந்தப்பக்கத்து மண்மேட்டுக்கும் நடுவில் வைத்தார்கள்.

நான் காப்பியோடு வந்தேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உன் சித்தப்பா குழாயில் கை கழுவினார், துண்டை உதறித் தோளில் போட்டார், படியிறங்கிப் போய்விட்டார். கையில் ஒரு டம்ளர் மிச்சம், நான் அப்படியே நின்றேன். அப்பா பார்த்தார், அந்தக் காப்பியையும் வாங்கி அவரே குடித்துவிட்டார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. உன்னை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு முடிவே செய்துவிட்டேன்.

மத்தியானம் வர வேண்டிய வண்டி வரவில்லை. மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து, குட்டியானை சேலத்திலேயே மாட்டிக்கொண்டது, சுற்றி வருகிற குப்பனூர் வழியிலும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நகரவில்லையாம். படகு கீழ் வீட்டு வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. திங்கட்கிழமை காலை பழம் பறிக்கப் போக வேண்டிய கவிதா தூக்குவாளியோடு அந்தப் பக்கம் நிற்கிறாள், தாண்டப் பார்க்கிறாள், சேலை தடுக்குகிறது, மண்மேட்டில் ஏறினால் முழுக்க உண்ணிச்செடி முள். கீழே முனியப்பன் நின்று படகைப் பார்க்கிறார், மேலே அப்பா நின்று படகைப் பார்க்கிறார். நகர்த்துங்கள் என்று அவர் கேட்கவில்லை, நகர்த்தட்டுமா என்று இவரும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. பின் கதவைத் திறந்து, இந்தத் தடவை கோழியைப் பார்க்காமல் அவளையே பார்த்து, "கவிதா, ஊட்டுக்குள்ள பூந்து போ, நேரமாச்சு" என்றேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே நம் வீட்டுக்குள் நடந்து முன் வாசலில் இறங்கிப் போனாள். சாயங்காலம் அதே வழியில் வந்தாள். உன் சித்தப்பா அன்றைக்குப் படகின் மேலேயே ஏறிக் குதித்துப் போய் வந்தார், வீம்பு விடுமா. மறுநாள் தோளில் கேஸ் சிலிண்டர், அதோடு குதிக்க முடியவில்லை, முன் வாசலில் நின்று "அண்ணி, வழி" என்றார், அவ்வளவுதான் பேச்சு, நான் விலகிக்கொண்டேன். அன்று சாயங்காலம் கவிதா டிவி பக்கத்தில் நின்றுவிட்டாள். நீ அனுப்பிய பாப்பா போட்டோவை கோபி டவுனில் பிரிண்ட் போட்டுத் தந்தான், அதை அங்கே வைத்திருக்கிறேன். "கொழந்த ஆரு சாடைங்கக்கா?" என்றாள். நீயே பார்த்துச் சொல் என்றேன். கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காது நம்மூட்டுக் காதுதானுங்க" என்றாள். காப்பி கொடுத்தேன், நின்றபடியே குடித்தாள்.

நேற்று பாதை சரியாகி வண்டி வந்து படகை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ரிசார்ட்டில் குளத்தில் விட்டுப் பார்த்தார்களாம், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் அது போனது வருத்தமாக இருந்தது, இனி அவரவர் வழி அவரவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். பொழுது சாய்கிற நேரம் அடுப்படியில் இருந்தேன், அப்பா நடு வீட்டில் காலை நீட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே வழி காலியாகக் கிடந்தது, ஒரு டயர்கூட இல்லை. முன் வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உன் சித்தப்பாதான். உள்ளே வந்தார், டிவி பக்கத்தில் கொஞ்சம் நின்றார், அப்பா காலை மடக்கி இடம் விட்டார். அடுப்படியைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல், "புள்ளைய எப்ப வரச் சொல்லியிருக்கீங்க அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பின் வாசல் வழியாக இறங்கித் தன் வீட்டுக்குப் போனார்.

இதை உனக்குச் சொல்லத்தான் ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்து விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன். மே மாதத்துக்கு டிக்கெட் போடு. மாப்பிள்ளைக்கும் சேர்த்து மூன்று பேருக்கும் போடு.

பாப்பாவுக்குக் காது மூடுகிற மாதிரி குல்லா போடு, அந்த ஊர்க் காற்று பொல்லாதது. அப்பா போனில் படகுக் கதையைத் தன் பங்குக்குச் சொல்லுவார், முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். சேர்வராயனும், மாப்பிள்ளை கும்பிடுகிற மாதாவும் உங்கள் மூன்று பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
தங்கம்மா மாரிசாமி