கூரைமேல் நிற்பவரை எப்படிக் கூப்பிடுவது

1943 செப்டம்பர் 7
நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் கணக்கில் இது 2603-ஆம் வருஷமாம். எந்த வருஷமானால் என்ன, எங்கள் கூரை ஒழுகுகிறது.

நேற்றைய மழை ஜெயாவின் பாயிலேயே இறங்கியது. மூன்று வயதுப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. பெருமழை வருவதற்குள் ஓட்டையை அடைக்காவிட்டால் இவளை எங்கே கிடத்துவேன்? ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குத் தந்திருந்த லயத்து வீட்டைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் இழுத்துக்கொண்டு கடலோரம் போய்த் தங்க வாங்கிய இந்தச் சக்கர வீடுதான். ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடும்போது சாவியை டிரைவரான இவரிடம் கொடுத்தார். காரை ஜப்பான்காரன் கொண்டுபோய்விட்டான். மாடு பூட்டி இழுத்துவந்து, காஜா பெராங் ஊரில் ஹாஜா நானாவின் மளிகைக் கடைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம்.

'இவர்' என்றுதான் இங்கேயும் எழுதுகிறேன். கட்டியவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டாள் அம்மா. எழுதக்கூடக் கை வரவில்லை.

செப்டம்பர் 9
இவர் கூரை ஏறினார். ஏணியைக் கட்டுங்கள் என்றேன். "லோரி ஏறுறவனுக்கு ஏணி ஏறத் தெரியாதா?"

மரவள்ளி வெந்ததும் உள்ளேயிருந்து "ஏங்க!" என்றேன். அப்படிக் கூப்பிட்டால் குரல் வந்த திக்கில் நேராக நடந்துவருவார். நல்ல வழக்கம்தான், தரையில். உளுத்த பலகை வழியாக என்னை நோக்கி நடந்தார். அடுப்புக்கு மேலே முழங்கால்வரை ஒரு கால் இறங்கி நின்றது.

"சந்திரா, என் காலு எங்க இருக்கு?"

"கிழங்குச் சட்டிக்கு மேல. அசையாதீங்க!"

ஹாஜா நானா வந்து இறக்கினார். நான் சிரித்துத் தீர்த்தேன்.

செப்டம்பர் 10
ஒழுகலை அடைக்கப் போனவர் கூரைக்கு வாசல் வைத்துவிட்டார்.

செப்டம்பர் 14
மேலே நின்றால் எல்லாம் ஒரே பரப்பு. சட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்பது உள்ளே இருக்கும் எனக்குத்தான் தெரிகிறது. எனவே புது ஏற்பாடு: ஏணியைக் கயிற்றால் கட்டியாயிற்று. நான் உள்ளேயிருந்து சட்டத்தை அகப்பையால் தட்டுவேன், தட்டிய இடத்தில்தான் கால். ஓட்டைமேல் பலகை அறைந்து, வாங்க ஆளில்லாத ரப்பர் பாலில் துணியை நனைத்து ஒட்டினார்.

வெயில் ஏறியதும் பால் பிசுபிசுத்து, உட்கார்ந்திருந்தவரின் கைலியைப் பிடித்துக்கொண்டது. கோவணத்தோடு இறங்கியவரைப் பார்த்து ஹாஜா நானா கடைக்குள் ஓடிவிட்டார்.

செப்டம்பர் 15
இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பால் காய்ந்ததா என்று பார்க்க ஏறினார். நான் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், அகப்பை உள்ளே. தன் வேலையின் அழகை முழுசாகப் பார்க்க வேண்டுமாம். பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டார். கீழே வண்டியை இழுக்கும் இரும்புக் கொக்கி.

"ஏங்க" நாக்கு நுனிவரை வந்தது. ஐயோ, குரல் வந்த திக்கில் வருவாரே! நான் நிற்பது அவர் முதுகுக்குப் பின்னால்.

"மாணிக்கம்!"

தூக்கிய கால் தூக்கினபடி நின்றது. கல்யாணமான நாள்முதல் என் வாயிலிருந்து கேட்டிராத பெயர்.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான். திரும்பாம அப்படியே குந்துங்க. முன்னால தவழுங்க."

இறங்கியதும் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவருக்கு ஒண்ணு ஆகியிருந்தா நானும் புள்ளையும் — வேண்டாம், எழுத மாட்டேன்.

முழுப் பெயர் மாணிக்கவாசகம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் தரைக்கு வந்திருப்பார்.

செப்டம்பர் 16
"இன்னொரு தடவ கூப்பிடேன்" என்கிறார். மாட்டேன்.

அக்டோபர் 28
காலையிலிருந்து கொட்டுகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஜெயாவுக்கு இருமல் விட்டுவிட்டது. உலர்ந்த பாயில் எழுந்து உட்கார்ந்து, வாசலில் நின்றவரைப் பார்த்து, "மாணிக்கம், பசிக்குது" என்றாள்.

கண்டிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். மாணிக்கம் அதற்குள் பிள்ளையின் குரல் வந்த திக்கில் நடந்துவிட்டார்.