புள்ளி விழுந்த டயல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் நீ கட்டிக்கொள்ளப்போகிற அந்தப் பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், என் நினைப்பெல்லாம் அதுதான். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் நீ நாலு பதில் சொல்லிவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்கள் கல்யாணத்துக்கு மாமா சம்மதிப்பாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்கு வருகிறேன். அப்பாவும் நானும் என்றைக்கோ சரி சொல்லிவிட்டோம், இருந்தாலும் என் அண்ணன் முன்னால் வந்து நிற்காவிட்டால் நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். அதனால் நீ அனுப்பிய போட்டோவை பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் வாட்ச் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். பக்கத்தில் நிற்கிற உன்னை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் கன்னத்தில் இருக்கிற வெண்புள்ளி, உதட்டோரத்தில் இருப்பது, விரல் நுனியில் இருப்பது என்று ஒன்று விடாமல் அலசினார். சிரித்த முகம் என்று உன் அப்பா ஒரே பார்வையில் சொன்னது அவருக்கு லென்ஸ் வைத்தும் தெரியவில்லை. தொற்றுவதெல்லாம் இல்லை, தோலில் நிறம் மட்டும்தான் போகும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அதெல்லாம் சரிம்மா, முகத்துல திட்டுத் திட்டா இருக்கே, நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவாங்க, வைத்தியம் பண்ணி சரியானப்புறம் வரச் சொல்லு, பேசலாம் என்று போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் அதை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவருடைய வாட்ச் பைத்தியம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முற்றிப்போய்விட்டது, உனக்குத் தெரியாது. முன்பு பழைய வாட்ச் என்றாலே போதும், இப்போது டயலில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும். நாலாம் எண் சாய்ந்து அச்சாகியிருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டுகிறார். கறுப்பு டயல் வெயில் பட்டுக் காப்பி நிறமாகியிருந்தால் அதற்குத் தனி மரியாதை, ஆனால் வெயிலால் மதிப்பு வந்த அந்த வாட்சுக்கே இனிமேல் வெயில் ஆகாதாம். கூடத்து ஜன்னல் திரையை விலக்கவே கூடாது, உன் அத்தை பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறாள். அலமாரி நிறைய வாட்ச் இருக்கிறது, சாவி கொடுத்தால் தேய்ந்துவிடும் என்று ஒன்றையும் ஓட விடுவதில்லை, மணி என்ன ஆச்சு என்று சமையலறையைப் பார்த்துத்தான் கத்துகிறார். கடைசியாக வாங்கியது வெள்ளை டயல், அதில் மழைத்தூறல் மாதிரி பழுப்புப் புள்ளிகள். கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் பாவம், நல்ல எண்ணத்தில், புள்ளியெல்லாம் எடுத்துட்டு புதுசா பெயின்ட் அடிச்சுத் தரட்டுமா சார் என்று கேட்டிருக்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி வாட்சைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் அந்தக் கடைப் பக்கமே இப்போது போவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய கூட்டாளிகள் வந்திருந்தார்கள், பல் டாக்டர் ஒருவர், ரிட்டையரான பேங்க் மேனேஜர் ஒருவர், இன்னும் அதே மாதிரி வேலையில்லாத இரண்டு பேர். எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு ஆபரேஷன் நடக்கிற மாதிரி மேஜையைச் சுற்றி நின்றார்கள். அத்தைக்கு ஒத்தாசையாக நான் டீ கொண்டுபோனேன், மேஜைக்குப் பக்கத்தில் டீயை விடவில்லை. மாமா புள்ளி டயலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது மனுஷன் வச்ச புள்ளி இல்லை, அதுவா வந்தது, இதே மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே கிடையாது, இதைப் போய் மறைக்கணும்னு நினைக்கிறவனுக்குக் கண்ணே இல்லைன்னு அர்த்தம் என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் டீத்தட்டைக் கீழே வைத்தேன், கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தேன், வெல்வெட் துணியில் அந்த வாட்சுகளுக்கு நடுவில் வைத்தேன். அண்ணா, இதுவும் மனுஷன் வச்சது இல்லை, இன்னொண்ணும் கிடைக்காது, நல்லாப் பார்த்து மதிப்புச் சொல்லுங்க என்றேன். பேங்க் மேனேஜருக்கு இருமல் வந்துவிட்டது. பல் டாக்டர் போட்டோவைக் கையில் எடுத்து, மாப்பிள்ளையா, சிரிப்பு நல்லா இருக்கே என்றார். அத்தை சமையலறை வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மாமா லென்ஸைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை நம் வீட்டுக்கு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அது அவரிடம் இல்லாத அபூர்வப் பொருள். பிள்ளைங்க எப்ப வர்றாங்க, நான் வந்து நிக்கணும்ல என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதும்.

இதை உனக்குச் சொல்ல நேற்று ஆசையாகப் போனை எடுத்தால் நீ முந்திக்கொண்டாய். ஒரு கிரீம் வாங்கியிருக்கேம்மா, அவர் முகத்துல பூசினா புள்ளி இருக்கறதே தெரியாது, அங்க வர்ற அன்னைக்கு யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க, அவரும் சரின்னுட்டார் என்றாய். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய், சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மாமா மேல் வந்ததைவிட உன் மேல் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. அந்தப் பிள்ளைக்கு அவர் வேற்று மனிதர், லென்ஸ் வைத்துப் பார்த்தார், போகட்டும். நீ அவனோடு வாழப்போகிறவள். கல்லூரி நாளிலிருந்து ஊர் பார்வையைப் பொறுத்துக்கொண்டு இருந்த பிள்ளை, உன்னிடம் வந்தபோதுதான் தலை நிமிர்ந்தான் என்று நீதானே சொன்னாய்? அவனை நீயே உட்கார வைத்துப் பூசி மறைத்தால் அவன் வேறு யாரிடம் போவான்? சரி என்றானாம். என்ன மனதோடு சொல்லியிருப்பான் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் ஒளிக்க எதுவும் இல்லாமல் வாழ வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பயணத்துக்கு முன்னால் வீட்டுக் கதவைப் பூட்டினாயா என்று இரண்டு முறை பார். அவன் மட்டும் எதையும் பூசிக்கொள்ளாமல் வரட்டும். இறங்கியதும் அவனைத்தான் நான் முதலில் பார்க்க வேண்டும், உன் பயத்தை அல்ல.

உங்கள் இருவருக்கும்,
அம்மா