நைனா பெயர் வைத்த பட்டாபிராம் கோட்டை

என் அன்பு நைனாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நேற்றுக் காலை உன் லேப்டாப் கேம் மறுபடியும் திறந்தது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன் நீ. இதய ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தவித்தாய். என் பழைய லேப்டாப்பில் அந்தப் போர் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கோட்டை கட்டவும் படை திரட்டவும் இரண்டே வாரத்தில் பழகிவிட்டாய்.

"இந்த ஊரு பேரெல்லாம் வாய்ல நொழையல" என்று சொல்லி, அவற்றை நம் பக்கத்து ஊர்ப்பெயர்களாக மாற்ற ஒரு மோட் செய்யவும் நீயே கற்றுக்கொண்டாய். "கேமோட நாம சேக்குற ஃபைலுதான் மோட்" என்று அம்மாவுக்கு விளக்கமும் சொன்னாய். தலைநகரம் பட்டாபிராம் ஆனது. எதிரியின் கோட்டை வேலப்பன்சாவடி.

கடைசியாக ஒரு புதன்கிழமை போன் செய்தாய். "கேம் தொறக்க மாட்டேங்குது. வந்தா இன்னான்னு பாரும்மா."

"ஞாயித்துக்கெழம வர்றேன் நைனா" என்றேன். வெள்ளிக்கிழமை நீ போய்விட்டாய்.

அதன் பிறகு லேப்டாப்பைத் தொடக் கை வரவில்லை. நேற்று அம்மாதான் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "அவரு கேட்டாரில்ல. பாத்துடு."

மொத்தம் பதினாறு மோட். எல்லாவற்றையும் அணைத்தேன், கேம் திறந்தது. பாதியைப் போட்டேன், அப்போதும் திறந்தது. மீதியைப் போட்டதும் நின்றது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில் இரண்டு அகப்பட்டன. ஒன்று உன் ஊர்ப்பெயர்கள். இன்னொன்று, நீ போன் செய்ததற்கு முந்தின வாரம் நான் வந்தபோது ஆசையாகப் போட்டுக் கொடுத்த பெரிய வரைபடம். தனித்தனியாக இரண்டும் ஒழுங்காக ஓடின. ஊர்ப் பட்டியல் இருக்கும் அதே ஃபைலை இரண்டும் மாற்றியதால் சேரும்போது மோதிக்கொண்டன.

தப்பு நான் போட்டதில்தான் இருந்தது, நைனா.

உன் ஃபோல்டரில் ஊர்ப்பெயர் ஃபைலுக்கு ஏழு நகல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முந்தினதைவிடப் பெயர்கள் குறைவு. ஏழாவதில் பட்டாபிராம் மட்டும்தான் மிச்சம். கேம் திறக்க வேண்டும் என்று உன் பெயர்களையே அழித்துப் பார்த்திருக்கிறாய். என் வரைபடத்தை எடுத்துவிட்டால் போதும் என்று உனக்குத் தெரியாதா? இல்லை, தெரிந்தும் மனசு வரவில்லையா?

முதல் நகலைத் திரும்ப வைத்து, என் வரைபடத்தை எடுத்தேன். நீ விட்ட இடத்திலேயே ஆட்டம் நின்றிருந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊர்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். கடைசிவரை கேட்டுவிட்டு, "எல்லா ஊரையும் வெச்சாரு. நாம கீற சேக்காட்ட வுட்டுட்டாரு பாரு" என்றாள். நம் வீடு இருக்கும் சேக்காடு மட்டும் பட்டியலில் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உன் பெயர்களில் ஒன்றுகூட விடாமல், பெரிய வரைபடத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ஃபைலாக நானே எழுதப்போகிறேன். ஆற்றங்கரையில் நல்ல இடமாகப் பார்த்து சேக்காட்டை வைக்கிறேன். அந்த ஊரை அம்மா ஆளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்ன,
உன் மூத்த மகள்.