‘அப்பா’ என்று எழுதிய சீட்டு

மகாராணிக்கு,

சாப்பாடு அடுப்பில் மூடியிருக்கிறது. உப்புக்கு நான் பொறுப்பில்லை.

பாப்பா வாசிக்கப் பழகட்டும் என்று டீச்சர் சொல்லி, வீடு முழுக்கப் பெயர்ச் சீட்டு ஒட்டினோமே. ‘அப்பா’வை என் நாற்காலியில் ஒட்டி, “ரெண்டும் அசையாது” என்று சிரித்தாய். காலையில் அது என் துணிப்பெட்டிமேல் இருந்தது.

“இடம் மாறிப்போச்சே கண்ணு” என்றேன்.

“தப்பா ஒட்டலப்பா. படிச்சுப் பாத்துதான் ஒட்டினேன்” என்றாள், சிரிக்காமல்.

ராத்திரி நீ “பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்புங்க” என்றபோது அவள் தூங்கவில்லை போலிருக்கிறது.

சீட்டை மறுபடி நாற்காலியிலேயே ஒட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

பி.கு: இதைக் கிழித்துவிடு. இப்போது அவள் எல்லாவற்றையும் படிக்கிறாள்.