உன் காரோட அப்சார்பர மாத்திட்டேன்

என் பிடிவாதக்கார அண்ணே,

உன் காரோட அப்சார்பர மாத்திட்டேன். கோவம் வந்தா வரட்டும். திட்டணும்னா நேர்ல வந்து திட்டு, பார்ப்போம்.

ரெண்டே சீட்டு, தரையோட தரையா படுத்துக் கிடக்கிற ஸ்போர்ட்ஸ் கார். அப்பாவோட பழைய காரக் குடுத்துட்டு அத நீ ஓட்டிட்டு வந்த அன்னைக்கு அப்பா கத்தினது உனக்கு ஞாபகம் இருக்கா? "உள்ள உக்காந்தா எந்திரிக்க முடியல, இது காரா குழியாடா?" அம்மா இருந்திருந்தா உன்ன வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. அப்பா கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. அப்புறம் அவரே துணி எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சாரு.

குலுக்கலத் தாங்குற அந்த முன்பக்க அப்சார்பர்ல எண்ணெய் கசியுதுன்னு நீ கண்டுபிடிச்சதுல இருந்து வீட்டுல வேற பேச்சே இல்ல. அதுல இருந்தது கொயில்ஓவர். ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒண்ணா இருக்கும், உயரத்தையும் இறுக்கத்தையும் திருகி மாத்திக்கலாம்னு எனக்கே பாடம் நடத்தின. அதையே பிரிச்சு ரிப்பேர் பண்றதா, ரேஸுக்குப் போற மாதிரி இன்னும் இறுக்கமா ஒண்ணு போடறதா, இல்ல ரோட்டுக்குன்னு வர்ற மிருதுவானதா? சோத்துல கைய வச்சுக்கிட்டே வீடியோ பார்ப்ப. இன்னைக்கு ஜப்பான் சாமான்தான்னு சொல்லுவ, நாளைக்கு தைவானும் மோசமில்லம்ப. தப்பானதப் போட்டா காரோட உசுரே போயிடும்னு சொன்ன.

நல்லதா பார்த்து எடுக்கிற வரைக்கும் அந்தக் கார ஓட்டவே மாட்டேன்னு போர்ச்சுல நிறுத்திட்டு, பழைய கப்சாய் மோட்டர்சைக்கிள எடுத்துக்கிட்டு கிள்ளான்ல இருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்குப் போன. ஃபெடரல் ஹைவேயில மழை. பின்னால லோரி. ஒரு அப்சார்பர் வாங்க அவ்வளவு யோசிச்சியே, மழையில மோட்டர எடுக்க கொஞ்சமாவது யோசிச்சியா, பாவி?

அப்பா அழவே இல்ல. உன்னத் தூக்கிட்டுப் போறப்பவும் இல்ல, கருமாதிக்கும் இல்ல. போர்ச்சுல உன் காருக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்திருந்தாரு. வந்தவங்க காப்பி குடிச்சுட்டு, "கல்லு மனசுலா இந்த மனுசனுக்கு"ன்னு என் காது படவே பேசிட்டுப் போனாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல கப்புங்கள எல்லாம் சிங்க்குல போட்டு உடைச்சேன்.

ஆனா யார் செத்தா என்ன, அப்பாவோட டயாலிசிஸ் நிக்குமா? வாடகைக் கார் கூப்பிட்டேன், அப்பா ஏறல. "அவன் கார்லதான் போவேன். இல்லன்னா எனக்கு ரத்தமும் சுத்தம் பண்ண வேணாம், ஒண்ணும் வேணாம்"னு கட்டில்ல திரும்பிப் படுத்துட்டாரு. அடுத்த தடவையும் போகாம கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. வேற வழியில்லாம சாவிய எடுத்தேன்.

நம்ம ரோடுதான் உனக்குத் தெரியுமே. போர்ட்டுக்குப் போற லோரிங்க அடிச்சு நொறுக்கி வச்சிருக்கு. ஒவ்வொரு பள்ளத்துலயும் உன் கார் அப்பாவத் தூக்கி அடிச்சது. போகும்போதாவது பரவால்ல. டயாலிசிஸ் முடிஞ்சு வரும்போது அவர் உடம்புல என்ன இருக்கு? பல்லக் கடிச்சுக்கிட்டு ஜன்னலப் பார்த்துக்கிட்டே வருவாரு. ஒரு நாள் நர்ஸ் என்னத் தனியாக் கூப்பிட்டு, "அக்கா, அங்கிளோட இடுப்பெல்லாம் நீலம் பாஞ்சிருக்கு. வீட்ல விழுந்துட்டாரா?"ன்னு கேட்டா. அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. நான்தான் அடிக்கிறேன்னு நெனச்சிருப்பா.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, நீ காட்டிக் குடுத்த மாதிரியே அப்சார்பர் தலையில இருக்கிற திருகாணிய எல்லாம் கடைசி வரைக்கும் லூசாக்கினேன். அவ்வளவுதான் விஷயம்னு எனக்கு ஒரே பெருமை. அடுத்த தடவ போறப்ப கார் குதிகுதின்னு குதிச்சு, அப்பா மடியிலயே வாந்தி எடுத்துட்டாரு.

ரவாங்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற உன் கூட்டாளி சரவணன்கிட்ட ஓடினேன். "தங்கச்சி, ஸ்பிரிங்குதான் கல்லு மாதிரி இருக்கு. அத அடக்கிப் பிடிக்கிறது அப்சார்பர். நீ பிடிச்ச கைய விட்டுட்ட, அது ஆடாம என்ன செய்யும்லா?"ன்னாரு.

"அப்ப என்னதான்ணே வழி?"

"மொத்தத்தையும் கழட்டிட்டு, கார் புதுசா வந்தப்ப இருந்த மாதிரி சாதா அப்சார்பர், சாதா ஸ்பிரிங் போடலாம். கார் உசந்துடும். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போற கார் மாதிரி இருக்கும். உங்கண்ணன் ஆவியா வந்து என் கழுத்த நெரிப்பான்." சிரிச்சுக்கிட்டே சொன்ன மனுசன் டக்குன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு.

அப்பாகிட்ட சொன்னேன். "தொடாத"ன்னாரு. ஒரே வார்த்தை.

"உங்களுக்கு வலிக்குதுல்லப்பா?"

"வலிக்கட்டும். கண்ண மூடிக்கிட்டா அவன்தான் ஓட்டுறான். அந்தக் குலுக்கலும் போயிடுச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

அப்பாகிட்ட இருந்து உன்னைப் பிடுங்கினாத்தான் அப்பா எனக்கு மிஞ்சுவாரு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? இன்னும் நாலு வீடியோ பார்த்திருப்ப, வேற என்ன? எனக்கு அந்த வசதி இல்ல. சர்வீஸுன்னு பொய் சொல்லி கார ரவாங்குக்குக் கொண்டு போனேன். சாதாவே போடுங்கன்னு சரவணன்கிட்ட சொல்லிட்டு வெளிய நின்னு அழுதேன்.

மறுநாள் அப்பா கார ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. எப்பவும் பிடிக்கிற என் தோளப் பிடிக்காமலே, உசந்துபோன அந்தக் கார்ல ஏறி உக்காந்தாரு.

நேத்து வரும்போது அப்பா தூங்கிட்டாரு. இந்தக் கார்ல அவர் தூங்கி நான் பார்த்ததே இல்ல. தலை ஒரு பக்கமா சாஞ்சு, வாய் லேசா திறந்து, அசைவே இல்ல. ஓரமா நிறுத்தி மூக்குக்கிட்ட விரல வச்சுப் பார்த்தேன். மூச்சு வந்தது.

முழிச்சுக்கிட்டாரு. "ஏம்மா நிறுத்திட்ட? அந்தப் பெரிய பள்ளமா?"

"அது எப்பவோ தாண்டியாச்சுப்பா."

"தாண்டியாச்சா?" ரோட்டத் திரும்பிப் பார்த்தாரு. "ஒண்ணுமே தெரியலையேம்மா." கொஞ்ச நேரம் டேஷ்போர்டத் தடவிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "அப்ப அவன் போயிட்டான்"ன்னாரு.

அழுதாரு அண்ணே. லோரி லோரியா எங்களத் தாண்டிப் போகுது, அப்பா முகத்த மூடிக்கக்கூட இல்லாம சின்னப் புள்ள மாதிரி அழறாரு. ஹசார்ட் லைட்டப் போட்டுட்டு அவர் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்னை அவர்கிட்ட இருந்து எடுத்தது நான்தான்.

இப்ப ஒரே ஒரு சத்தியம் பண்றேன், கேட்டுக்கோ. அப்பாவ உன்கிட்ட சீக்கிரமா அனுப்ப மாட்டேன். முடிஞ்ச வரைக்கும் மெதுவாத்தான் ஓட்டுவேன். நீ அங்க காத்துக்கிட்டு இரு.

இன்னும் கோவம் ஆறாத,
உன் ஒரே தங்கச்சி